குறையாத எண்ணெய்

என் நாட்குறிப்பில் அவரைப் பற்றி எழுதிய முதல் வரி ஒரு புகார். ‘மில்லிங் மெஷினைப் பிரித்துப் பார்க்க ஒரு ஃபிட்டர் அம்மா வந்தார். மரியாதை தெரியாதவர். ரிஜிஸ்டரை நீட்டினேன், வாங்கவில்லை.’ அதற்குக் கீழே வழக்கம்போல் பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம், மத்தியானம் பெய்த தூறல். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் இல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் அல்ல. எழுதி வைத்த எதையும் அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பட்டறையில் எல்லோரும் ஃபிட்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். நாற்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை. மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் கருவிப்பெட்டி. வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். எதைப் பார்த்தாலும் அந்த விரல் முன்னால் போகும். தடவும், கட்டை விரலோடு சேர்த்துத் தேய்க்கும், சில சமயம் மூக்குக்குப் போகும். அதற்குப் பிறகுதான் பேசுவார்.

எங்கள் பட்டறை துவாக்குடிப் பக்கம். பெரிய கொதிகலன்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அளவுக்குச் செதுக்கித் தருகிறோம். ஸ்டோரும் ரிஜிஸ்டர்களும் என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் பதிவுகூட விட்டுப்போனதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

அந்த மில்லிங் மெஷின் என்னைவிட மூத்தது. வெளிநாட்டில் செய்தது, எங்கோ ஏலத்தில் எடுத்தது. மேலே வெட்டும் பல்சக்கரம் சுழலும். கீழே இரும்புத் துண்டைத் தாங்கிய டேபிள் வழுக்கிக்கொண்டு நகரும். அந்த வழுக்கலுக்குத்தான் எண்ணெய். மெஷினின் பக்கவாட்டில் சின்ன எண்ணெய்த் தொட்டி, அளவு தெரியக் கண்ணாடி, ஒரு பம்ப், அதற்கு ஒரு கைப்பிடி. காலையில் கைப்பிடியை ஒருதரம் இழுத்துவிட்டால் மெல்லிய குழாய்கள் வழியாகப் பதினோரு இடங்களுக்கு எண்ணெய் போய்ச் சேரும். தினமும் ஒன்பது மணிக்கு நான் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பேன். ‘நிரம்பி உள்ளது. சரி’ என்று எழுதுவேன்.

அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஆரோக்கியசாமி. மருங்காபுரிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஃபிட்டரம்மா வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தோம். டேபிள் நடுவேலையில் இறுகி நின்று, உள்ளே நட்டு உடைந்து, பொருள் பாழாகி, மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிட்டது. ஆபரேட்டர் அலட்சியம் என்று முடிவானது. அன்றிலிருந்து மெஷின் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. புதிதாக ஒரு வேலை வந்தபிறகுதான் முதலாளிக்கு அதன் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்குள் சரிசெய்து விஜயதசமியன்று ஓட்டிவிட வேண்டும் என்றார். ஃபிட்டரம்மாவுக்கு மூன்று வாரம்.

வந்த அன்றைக்கு, நான் சொன்னேனே, ரிஜிஸ்டரை நீட்டினேன்.

“என்ன சார் இது?”

“பராமரிப்புப் பதிவும்மா. ஒரு நாள் விடாம எழுதியிருக்கு. இதப் பாத்தாலே மெஷினோட சரித்திரம் தெரிஞ்சிடும்.”

“கண்ணு பாத்துச்சு. கை பாத்துச்சா?”

அவ்வளவுதான். என் பதிலுக்கு நிற்காமல் தார்ப்பாயை விலக்கி, பம்ப் கைப்பிடியை மேலே இழுத்துவிட்டார். ‘டக்’கென்று கீழே விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி டக்.

“மூச்சே விடலியே இது” என்றார் என்னைப் பார்த்து. என்னவோ நான்தான் அதன் மூக்கைப் பொத்தியதுபோல.

பட்டறையில் அன்று சிரிப்பு. “பொம்பள ஃபிட்டரா, டேபிளத் தூக்கறப்ப பாக்கலாம்” என்று கைகட்டி நின்றவர்கள் நாலு பேர். செயின் கப்பியைப் போட்டு, டேபிளை ஒரு முட்டு இடிக்காமல் இறக்கி, மரக்கட்டைமேல் கவிழ்த்துவிட்டு, “பாத்தாச்சுங்களா? போய் வேலையப் பாருங்கண்ணே” என்றார். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அதற்கு முன்னால் அந்த மெஷினின் வயிற்றைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. வழவழவென்று இருக்கவேண்டிய அடிப்பரப்பு வறண்டு, நெடுகக் கீறல் விழுந்து கிடந்தது. அவர் விரலால் இழுத்துக் காட்டினார். விரலில் ஒட்டியது செம்பழுப்புத் தூள். எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை.

ஏன் இவருக்கு எழுத்தின்மேல் இத்தனை இளக்காரம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார். “நான் பச்சைமலைல பொறந்தவ சார். கீழ பஸ் ஸ்டாண்டுல எங்க ஊருக்கு மூணு பஸ்னு போர்டுல எழுதியிருக்கும். அத நம்பி உக்காந்திருந்தா ஐ.டி.ஐ.க்குப் போயிருப்பேனா? ரோட்டுல காது வச்சு, வண்டி ஏறுதான்னு கேட்டுட்டுத்தான் கெளம்புவோம்.”

எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. என் ரிஜிஸ்டர் அந்த பஸ் போர்டு இல்லையே என்று நினைத்தேன்.

எண்ணெய் வாங்க அவரோடு காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் சீல் வைத்த டின்னை மேஜைமேல் தட்டி வைத்தார். இவர் அதை உடைத்து விரலை விட்டார். தேய்த்தார். முகர்ந்தார்.

“வடிகட்டின பழைய எண்ணெய்ங்க இது.”

“யம்மா, சீல் பாருங்க. கம்பெனி சீல்.”

“சீலத் தடவினா டேபிள் நகருமா?”

“இருபது வருஷமா கடை வச்சிருக்கேன், ஒருத்தரும் விரல விட்டுப் பாத்ததில்ல.”

“அதான் இருபது வருஷமா வச்சிருக்கீங்க.”

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க.” நான் அந்த டின்னின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். தரம், அடர்த்தி, எல்லாம் ஒழுங்காக அச்சிட்டிருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மூன்றாவது கடையில்தான் அவர் விரல் ஒப்புக்கொண்டது.

ஆத்திரம் அவருக்குச் சட்டென்று வரும். ஆனால் ஆட்கள்மேல் நேராகப் பாயாது, பொருள் வழியாகத்தான் வரும். டேபிளின் இரு ஓரங்களிலும், கையால் எண்ணெய் விடுவதற்கென்று சின்னத் துளைகள் உண்டு. பம்ப் பழுதானாலும் அந்தத் துளைகளில் எண்ணெய்க் குப்பியை வைத்து விட்டால் ஒப்பேற்றிவிடலாம். அந்தத் துளைகள் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். பிளேடை எடுத்துச் சுரண்டினார். பச்சை பெயின்ட். அதற்குக் கீழே சாம்பல். அதற்குக் கீழே மறுபடி பச்சை. அதற்குக் கீழே நீலம். அடுக்கு இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் பட்டறை வழக்கம் அது. நாங்கள் மட்டுமில்லை, அந்தச் சாலை நெடுக எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் ஆள் வந்து மெஷினுக்கெல்லாம் புது பெயின்ட் அடித்துவிட்டுப் போவான். பூஜையன்று அதன்மேல் சந்தனம், குங்குமம், மாலை. பெயின்ட் அடிப்பவனுக்கு எது துளை, எது மூடி என்று தெரியாது. நாங்களும் சொன்னதில்லை. பளபளவென்று இருந்தால் போதும், கும்பிட்டோம்.

பெயர்த்தெடுத்த பெயின்ட் வில்லையை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து முதலாளி அறைக்குக் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன்.

“என்னம்மா இது?”

“ஒம்பது வருஷத்து பக்திங்க. அடுக்கு எண்ணிப் பாத்துட்டேன். பொட்டு வச்சு, மாலை போட்டு, வாயப் பூசி அடைச்சிருக்கீங்க. அது பட்டினி கெடந்து செத்திருக்கு.”

“பூஜைய எல்லாம் குறை சொல்லாதீங்கம்மா” என்றார் முதலாளி.

“பூஜைய யாரு சொன்னா? சார் ஊர்ல பெருமாளுக்குத் தைலக் காப்பு சாத்தறாங்களே. ‘சாத்தியாச்சு’ன்னு நோட்டுல எழுதிட்டு, சாத்தாம விட்ருவாங்களா?”

எனக்குச் சுரீரென்றது. தைலக் காப்பு நாட்களில் திருமேனி திரைக்குள் இருக்கும், திருமுகம் மட்டுமே சேவையாகும். அந்த நாட்களில் நான் தவறாமல் போய் நிற்பவன். உள்ளே எவ்வளவு பதமாக, எத்தனை கை வேலையாக அது நடக்கும் என்று பெருமையாகப் பேசுபவன். அந்தக் கைகளை நான் ஒன்பது மணிக்கு ஒருநாள்கூட மெஷினிடம் கொண்டுவந்ததில்லை.

அன்று மத்தியானம் அவராகவே ரிஜிஸ்டரைக் கேட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் விரலாலேயே பக்கம் பக்கமாகத் தள்ளினார்.

“தொட்டில கடைசியா எண்ணெய் எப்ப ஊத்தினீங்க சார்?”

புரட்டிப் பார்த்துச் சொன்னேன். “நாலு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. ஊத்த அவசியமே வரல. அளவு குறையவே இல்ல.”

இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “உங்க வீட்ல விளக்கு ஏத்துவாங்கள்ல சார்?”

“ஏத்துவாங்க.”

“விடியிறப்ப எண்ணெய் ஊத்தினபடியே இருந்தா என்ன அர்த்தம்?”

விளக்கு எரியவில்லை என்று அர்த்தம். ஆயிரத்துச் சொச்சம் நாட்கள், ‘நிரம்பி உள்ளது. சரி.’ பம்புக்குள் வாஷர் நைந்துபோய், கைப்பிடியை இழுத்தால் எண்ணெய் மேலே ஏறாமல் தொட்டிக்கே திரும்பியிருக்கிறது. குழாய்க்குள் இருந்த கொஞ்சநஞ்சமும் மெழுகாக இறுகிவிட்டது. என் ஒவ்வொரு ‘சரி’யும் அது ஓடவில்லை என்பதற்கான சாட்சி. என் கையாலேயே எழுதியிருக்கிறேன், தேதி போட்டு.

“இத ஓட்டினவரு ஒண்ணும் சொல்லலியா?”

சொன்னார். அதையும் நான் மறைக்கப்போவதில்லை. “டேபிள் இழுத்து இழுத்துப் போவுது சார், எண்ணெய் போவலியோன்னு தோணுது” என்று ஆரோக்கியசாமி என்னிடம் வந்து சொன்னார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். “தொட்டி நிறைய இருக்குங்க ஆரோக்கியம், இன்னைக்கும் பாத்து எழுதியிருக்கேன்.” அவர் துளைகளையும் காணாமல், குப்பியால் டேபிளின் மேலேயே எண்ணெயை ஊற்றித் தடவி ஓட்டியிருக்கிறார். அது வழிந்து தரைக்கு வந்தது. உடனே நான் எழுதினேன்: ‘மெஷினைச் சுற்றித் தரையில் எண்ணெய். சுத்தமில்லை. ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது.’ அப்படி ஏழு பதிவு. அந்த மெஷினுக்கு நாலு வருஷத்தில் கிடைத்த ஒரே எண்ணெய் அதுதான். அதைத்தான் குற்றமாக எழுதியிருக்கிறேன்.

அவரை அனுப்பிய அன்று காலை முதலாளி எல்லோரையும் மெஷின் முன்னால் கூட்டினார். என்னைப் படிக்கச் சொன்னார். ஏழு பதிவையும் தேதி வாரியாக, தெளிவாகப் படித்தேன். ஆரோக்கியசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “டேபிளத் தொட்டுப் பாருங்க சார்.” யாரும் தொடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஃபிட்டரம்மா எழுந்து போய் வேலையைத் தொடர்ந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைய நாட்குறிப்பில் பாதிப் பக்கம் குறைந்திருக்கும்.

வேலை முடிந்த நாளைச் சொல்ல வேண்டும். புது வாஷர், புதுச் செப்புக் குழாய்கள், சீவித் தேய்த்துச் சமமாக்கிய பரப்பு. டேபிளை ஏற்றுவதற்கு முன்னால் எண்ணெய் வந்து விழும் பதினோரு வாய்க்கும் கீழே செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து வைத்தார். கைப்பிடியை இழுத்துவிட்டார். இந்தத் தடவை டக்கென்று விழவில்லை. உள்ளே ஏதோ எதிர்த்துத் தள்ளுவதுபோல், மெல்ல, மெல்ல இறங்கியது. “இப்ப விடுது பாருங்க மூச்சு.” ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டக் கறை விரிந்தது. பத்துத் தாளில். பதினோராவது காய்ந்தே கிடந்தது.

“போதும்மா, நாளான்னைக்குப் பூஜை” என்றார் முதலாளி. “பத்துல வருதுல்ல.”

“பதினொண்ணாவது எடம் என்னங்க பாவம் பண்ணுச்சு?”

அந்தக் குழாயை மட்டும் மறுபடி கழற்றினார். வளைவில் ஒரு நசுங்கல். மாற்றினார். மாலை நாலே காலுக்குப் பதினோராவது தாள் நனைந்தது. மணியை எழுதி வைத்திருக்கிறேன். ஆறரை மணிக்கு டேபிள் ஏறியது.

முதலாளிக்கு மகிழ்ச்சி. “சார், ஃபைலுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிடுங்க. காரணம், அதான் முன்னாடியே இருக்கே, ஆபரேட்டர் அலட்சியம். அதையே போட்ருங்க.”

ஃபிட்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார். பம்ப் கைப்பிடியின் திருகைக் கழற்றினார். கைப்பிடியை எடுத்து டிபன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்ன பண்றீங்க?”

“பொய்யி எழுதி வச்சா மறுபடி இதே மெஷின் சாவும்ங்க. அப்ப இன்னொருத்தரு வெளிய போவாரு. நான் செஞ்சது ரிப்பேரா, இல்ல அலங்காரமா?”

“உங்களக் கூப்பிட்டது மெஷினப் பாக்க. பஞ்சாயத்து பண்ண இல்ல.”

“மெஷினத்தாங்க பாக்கறேன். ஓட்டினவரு அதுல சேத்தி இல்லியா?”

முதலாளி முகம் சிவந்து உள்ளே போனார். நான் மேஜைக்குப் போய், அன்றைய தேதியிட்டு, இப்படி எழுதினேன்: ‘மில்லிங் மெஷின் பழுதுக்குக் காரணம், பம்ப் வாஷர் நைந்து எண்ணெய் போகவில்லை. கைத்துளைகள் பெயின்ட்டால் அடைபட்டிருந்தன. ஆபரேட்டர் ஆரோக்கியசாமி இதை என்னிடம் சொன்னார். நான் தொட்டுப் பார்க்கவில்லை. அவர்மேல் தவறில்லை.’ கையெழுத்துப் போட்டு அவரிடம் காட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. பைக்குள்ளிருந்து கைப்பிடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“எழுதினது உங்களுக்கு சார். அவருக்கு? அவர்ட்ட சொல்லிட்டு இத மாட்டுங்க. போயிட்டு வரேன்.”

மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பட்டறைக்கு வரவில்லை, முதலாளி கூப்பிடவும் இல்லை. திமிர் பிடித்தவள் என்று இன்றும் அந்தச் சாலையில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் மெஷின்களில் எண்ணெய்க் கண்ணாடிமேல் பச்சை பெயின்ட்.

மறுநாள் சாயங்காலம் மன்னார்புரம் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரோக்கியசாமி வாட்ச்மேன். உட்கார நாற்காலி கொடுத்துவிட்டு அவர் நின்றார். ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினேன். நிதானமாக, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

“தப்பு என்மேல ஆரோக்கியம்.”

“சரி சார். ஆனா என்னய அனுப்பறப்ப புஸ்தகத்துக்குள்ளயா சொன்னீங்க? அத்தன பேரு முன்னாடி வாசிச்சீங்க. எம் பொண்ணோட வீட்டுக்காரர் அடுத்த பட்டறையில இருக்காரு. அவருக்கு மத்தியானமே தெரிஞ்சிடுச்சு.” ரிஜிஸ்டரை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “இதுக்குள்ள இருந்தா யாருக்குக் கேக்கும்?”

“நாளைக்குப் பூஜைக்கு வாங்க” என்றேன். வருவதாக அவர் சொல்லவில்லை.

ஆனால் வந்தார். வாட்ச்மேன் சட்டையோடு, வாசலோரம் நின்றார். மெஷின்களை வரிசையாகத் துடைத்து மாலை போட்டிருந்தது. மில்லிங் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவனை நான் நாலு நாள் முன்னாலேயே திருப்பி அனுப்பியிருந்தேன். பூஜைப் பலகையில் எலுமிச்சம்பழம், பொரி, கடலை, அவற்றின் பக்கத்தில் அந்தக் கைப்பிடி. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன்.

“நல்ல நாளும் அதுவுமா என்ன சார்?” என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

படித்தேன். ஐந்து வரி. என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. கற்பூர வாசனை இன்னும் இருந்தது.

ஆரோக்கியசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டேபிளின்மேல் ஒரு விரலை வைத்து ஒரு சாண் இழுத்தார். கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மெஷின் சத்தத்துல சரியாக் காதுல விழல சார். இன்னொருதரம் வாசிங்க.”

ஆயுத பூஜை. பட்டறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

நான் முதல் வரியிலிருந்து, உரக்க, மறுபடியும் வாசித்தேன்.